திருச்சி – சிங்கப்பூர்: டிக்கெட்ல 4 மணி நேரம், காரைக்குடி வாசல்ல இருந்து எவ்வளவு?

சிங்கப்பூர் போயி 11 வருசம் ஆச்சு, வருசத்துக்கு ரெண்டு தடவயாவது ஊருக்கு வந்துருவேன், பெரும்பாலும் திருச்சி வழிதான். புதுசா கிளம்புற பசங்க எல்லாம் "எத்தன மணி நேரம்ணே"ன்னு கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

நேர்கோட்டுல கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர். ஃப்ளைட் 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆடி, ஆவணியில மேல கிழக்குக் காத்து பலமா அடிக்கும், அதனால போறப்ப கொஞ்சம் இழுக்கும், வர்றப்ப சீக்கிரம் எறங்கிரும். சென்னைல இருந்தும் 2,900 சொச்சம்தான், அதனால டிக்கெட் கம்மியா இருக்குன்னு 400 கிலோமீட்டர் ராத்திரி பஸ்ல போயி ஏறாதீங்க, நான் ரெண்டு தடவ செஞ்சு பாத்துட்டேன், உடம்பு தாங்கல.

நம்ம பக்கத்து ஆளுகளுக்கு ஒரு வசதி, ஏர்போர்ட் புதுக்கோட்டை ரோட்டுலயே இருக்கு. திருமயம், புதுக்கோட்டை தாண்டி நேரா போக வேண்டியதுதான், திருச்சி டவுனுக்குள்ள நுழையவே வேண்டாம். கார்ல ரெண்டு மணி நேரம், அங்க 3 மணி நேரம் முன்னாடி, ஃப்ளைட் நாலேகால், சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் ஒரு மணி நேரம், அப்புறம் ரூமுக்கு முக்கால் மணி நேரம், ஆக மொத்தம் 11 மணி நேரம். இதுதான் நெசக் கணக்கு.

தேதிய நல்லா பாருங்க. 15ம் தேதி ராத்திரி 1 மணின்னு போட்டிருந்தா 14ம் தேதி ராத்திரி 8 மணிக்கே வீட்ட விட்டுக் கிளம்பணும், 2017ல இத கவனிக்காம ஒரு நாள் தள்ளிப் போயி நின்னேன், டிக்கெட் காசு மொத்தமும் போச்சு. 1 மணிக்கு ஏறினா அங்க எறங்குறப்ப காலைல ஏழே முக்கால், ஆத்தா மொத தடவ டிக்கெட்டப் பாத்துட்டு ஏழு மணி நேரம் உக்காரணுமான்னு பயந்துட்டாக. சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அவ்வளவுதான் விசயம். 1982ல அங்க கடிகாரத்த அரை மணி முன்னாடி தள்ளி வச்சாங்க, எங்க ஐயா (தாத்தா) அங்க இருந்த காலத்துல ரெண்டு மணிதான் வித்தியாசம்.

2019ல அப்பச்சி (எங்க அப்பா) தவறினப்ப மதியம் 1 மணிக்கு போன் வந்துச்சு. சாயந்திர ஃப்ளைட்ல கடைசி சீட்டு, திருச்சியில ராத்திரி 10 மணிக்கு எறங்கி 1 மணிக்கெல்லாம் வீட்டு வாசல்ல நின்னேன், முகத்தப் பாத்துட்டேன். ஐயா சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில (செட்டியாருக வட்டித் தொழில் பாத்து, தங்கியும் இருந்த எடம்) இருந்தப்ப அவுக அப்பச்சி தவறின சேதி தந்தியில வந்துச்சாம். ரஜூலா கப்பல் நாகப்பட்டினம் வந்து சேரவே ஒரு வாரம் ஆகும். ஐயா கிட்டங்கியிலயே தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டாகளாம்.