திரி இல்லாத விளக்கு: எட்டு வார பக்திப் பாடல் வாசிப்பு வகுப்பு பற்றி

பக்திப் பாடல்களில் வரும் இயற்கை உருவகங்களை எப்படி வாசிப்பது என்று எட்டு வாரம் நடந்த இணைய வகுப்பு ஒன்றை இப்போதுதான் முடித்தேன். சேரலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தாராளமாகச் சேரலாம், ஆனால் ஐந்தாவது வாரம் தரும் குறிப்புத் தாளை மட்டும் ஓரமாக வைத்துவிடுங்கள்.

முதல் வகுப்பில் பொய்கையாழ்வாரின் முதல் பாசுரம். வையம் தகளி (அகல்), வார்கடல் நெய், வெய்ய கதிரோன் விளக்கு. இதற்கு என்ன பொருள் என்று ஆசிரியர் கேட்கவே இல்லை. ஒரு அகல் விளக்கு ஏற்ற என்னவெல்லாம் வேண்டும், வரிசையாகச் சொல்லுங்கள் என்றார். அகல், நெய், திரி, நெருப்பு என்று சொன்னோம். சரி, இதில் எது பாட்டில் இல்லை? திரி இல்லை! எத்தனையோ தடவை வாய்விட்டுச் சொன்ன பாட்டு, ஒரு நாளும் இது என் கண்ணில் பட்டதில்லை. அப்புறம் பூதத்தாழ்வாரின் 'அன்பே தகளியா'வைப் பக்கத்தில் வைத்தார். அங்கே அன்பு அகல், ஆர்வம் நெய், உருகும் சிந்தைதான் திரி. முதல் விளக்கை யாரும் ஏற்ற வேண்டியதில்லை, சூரியன் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது, பார்த்தால் போதும். இரண்டாவதில் எரிய வேண்டியது பாடுகிற ஆள். இந்த வித்தியாசத்தை அவர் சொல்லவில்லை, நாங்களே கண்டுபிடிக்கும் வரை காத்திருந்தார், அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

ஆண்டாளின் 'ஆழி மழைக்கண்ணா'வுக்கு முழுதாக இரண்டு வாரம். கடவுளைக் கார்முகில் வண்ணன் என்பதுதானே வழக்கம், இங்கே முகிலைத்தான் கடவுளைப் போல ஆகச் சொல்கிறாள், அவனைப் போல உடல் கறுக்க வேண்டும், சக்கரம் போல மின்ன வேண்டும், சங்கு போல அதிர வேண்டும், வில்லிலிருந்து பாயும் அம்பு போலப் பெய்ய வேண்டும். அம்பு கொல்வதாயிற்றே என்று ஒருவர் கேட்டார். அடுத்த சொல்லைப் பாருங்கள் என்றார் ஆசிரியர். 'வாழ'. அம்பு மாரியாகப் பெய், ஆனால் உலகம் வாழப் பெய். எனக்குச் சிலிர்த்துவிட்டது. இதில் வழிபாடு எங்கே, வானிலை எங்கே என்று பிரிக்கவே முடியாது, மழை வேண்டுவதும் அவனை நினைப்பதும் ஒரே மூச்சில் நடக்கிறது.

அப்பரின் 'மாசில் வீணையும்' பாட்டை முதலில் எந்தப் பின்னணியும் சொல்லாமல் வாசிக்க வைத்தார்கள். மாலை நிலா, தென்றல், வண்டு முரலும் பொய்கை என்று ரசித்து முடித்த பிறகுதான், இது சுடும் நீற்றறைக்குள், அதாவது சுண்ணாம்புக் காளவாய்க்குள் இருந்து பாடியதாக மரபு என்றார்கள். இதையெல்லாம் போன்றது ஈசன் அடியின் நிழல் என்று கடைசியில் வரும் 'நீழல்' என்ற சொல் அதற்கப்புறம் வேறு எடையோடு நின்றது.

இப்போது அந்தத் தாள். தாமரை என்றால் உள்ளம், வண்டு என்றால் அடியார், கடல் என்றால் பிறவி, மழை என்றால் அருள் என்று ஒரு பட்டியல். இப்படி ஒரு வழக்கு நம் மரபில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதல் வாரம் படித்த பாசுரத்திலேயே கடல் நெய்யாக வருகிறது, அதே பாட்டின் கடைசியில் 'இடராழி' என்று துன்பக் கடலாகவும் வருகிறது, நடுவில் 'சுடராழி' என்று அதே ஆழி சக்கரமாகிறது. நாலு அடிக்குள் இத்தனை! பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் பாட்டைப் பார்ப்பதில்லை, பட்டியலைத்தான் பார்ப்பார். அந்த வாரம் எங்கள் குழுவில் அதுதான் நடந்தது, யாரும் எதையும் உற்றுப் பார்க்கவில்லை.

இன்னொரு குறை, உள்ளுறை, அதாவது இயற்கைக் காட்சிக்குள் வேறொரு பொருளை மறைத்துச் சொல்லும் உத்தி, அதைப் பற்றிய வகுப்பை அவசரமாக முடித்தது. ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், மரம், பறவை போன்றவை கருப்பொருள்கள், அவற்றில் தெய்வத்தை விட்டுவிட்டு மற்றவற்றை நிலமாக, அதாவது அடிப்படையாகக் கொண்டுதான் உள்ளுறை வரும் என்கிறது தொல்காப்பியம். காதலைப் பாடும் அகப்பாட்டில் மரமும் பறவையும் மறைபொருள் சுமக்கலாம், தெய்வத்துக்கு அங்கே அந்த வேலை இல்லை, பின்னால் வந்த பக்திப் பாட்டிலோ மேகம் நேராகத் தெய்வத்தின் உருவையே எடுக்கிறது. இந்த ஒன்றுக்கே ஒரு வாரம் ஒதுக்கியிருக்க வேண்டும், பத்து நிமிடத்தில் தாண்டிவிட்டார்கள்.

மற்றபடி பாடல்களைப் பதம் பிரித்துத் தருகிறார்கள், யாப்பு தெரியாதவர்களும் தடுமாறாமல் வரலாம். ஒலிப்பதிவு சில இடங்களில் மங்கல்.

அடுத்த முறை மாணிக்கவாசகரின் திருவெம்பாவையில் வரும் மழைப் பாட்டையும் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். அங்கே மேகம் உமையம்மையின் நிறம் கொள்கிறது, மின்னல் அவள் இடை, இடி அவள் சிலம்பு, வானவில் புருவம். ஆண்டாளின் மேகத்தோடு அதைப் பக்கத்தில் வைத்து வாசிப்பதாக இருந்தால் நான் மறுபடியும் சேருவேன்.