மாஷ், மூன்றாவது சீசன்: சிரிப்பொலியை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது

'மாஷ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் மூன்றாவது சீசன் டிவிடி தொகுப்பில் மொழித் தேர்வுப் பக்கத்தைத் திறந்தால் ஆங்கிலம் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று சிரிப்பொலியோடு, மற்றொன்று சிரிப்பொலி இல்லாமல். இந்தத் தொகுப்பை வாங்குவதற்கு எனக்கு இந்த ஒரு வசதியே போதும். பத்து நாட்களில் மூன்று வட்டுகளையும், இருபத்து நான்கு அத்தியாயங்களையும் பார்த்து முடித்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்த ஒரு தொடரை இப்போதுதான் சரியாகப் பார்த்தேன் என்று தோன்றுகிறது.

நான் அறுவை அரங்கில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பயிற்சிக் காலத்தில் விடுதியில் யாரோ கொண்டுவந்த வீடியோ கேசட்டுகளில்தான் 'மாஷ்' முதலில் அறிமுகமானது. ஆங்கிலம் பாதி புரியும், பாதி புரியாது. ஆனால் பெட்டிக்குள் கூட்டம் சிரிக்கும்போது நாங்களும் சிரிப்போம். அது சிரிக்க வேண்டிய இடம் என்று யாரோ சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று அப்போது யோசித்ததே இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொரியப் போரில் முன்னணிக்கு அருகே கூடாரம் போட்டு இயங்கிய அமெரிக்க ராணுவத்தின் நடமாடும் அறுவை மருத்துவமனை ஒன்றின் கதை இது. மருத்துவமனையின் எண் 4077. அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1972 முதல் 1983 வரை ஓடியது. போர் நடந்தது மூன்றே ஆண்டுகள், தொடர் ஓடியதோ பதினொரு சீசன்கள். மூன்றாவது சீசன் 1974 செப்டம்பரில் தொடங்கி 1975 மார்ச்சில் முடிந்தது. அறுவை மருத்துவர் ஹாக்கையாக ஆலன் ஆல்டா, அவருடைய சக மருத்துவர் டிராப்பராக வெய்ன் ராஜர்ஸ், மருத்துவமனைத் தலைவர் ஹென்றி பிளேக்காக மெக்லீன் ஸ்டீவன்சன் என்று பழைய கூட்டணி முழுதாக இருக்கும் கடைசி சீசன் இதுதான். இதன் பிறகு ஸ்டீவன்சனும் ராஜர்ஸும் விலகிவிட்டார்கள்.

சிரிப்பொலிக்கு வருகிறேன். இந்தத் தொடர் பார்வையாளர்கள் முன்னால் எடுக்கப்பட்டது அல்ல. ஒரே கேமராவில், திரைப்படம் போலவே எடுத்தார்கள். நாம் கேட்கும் சிரிப்பு முழுவதும் பிறகு ஒட்டியது. தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட்டுக்கும் ஜீன் ரெனால்ட்ஸுக்கும் அது பிடிக்கவில்லை. கூடாரத்துக்குள் இவ்வளவு பேர் எங்கே உட்கார்ந்து சிரிக்கிறார்கள் என்ற நியாயமான கேள்விதான். நகைச்சுவைத் தொடர் என்றால் சிரிப்பு இருந்தே ஆக வேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் பிடிவாதமாக நின்றது. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது: அறுவை அரங்கில் நடக்கும் காட்சிகளில் மட்டும் சிரிப்பு வராது. பிரிட்டனில் பிபிசி ஒளிபரப்பியபோது சிரிப்பையே எடுத்துவிட்டுத்தான் காட்டினார்கள். அவர்களுக்கு அன்றே கிடைத்தது நமக்கு வட்டு வந்த பிறகுதான் கிடைத்தது.

சிரிப்பை அணைத்ததும் முதலில் மாறுவது ஹாக்கைதான். சிரிப்போடு பார்க்கும்போது அவர் மேடையில் நிற்பவர்போல இருப்பார். ஒரு வரி சொல்வார், கூட்டம் ஆரவாரிக்கும், அடுத்த வரி சொல்வார். சிரிப்பு இல்லாதபோது அதே வரிகள் பதினெட்டு மணி நேரம் நின்று வேலை செய்த ஒருவர் தூங்கிவிடாமல் இருக்கப் பேசும் பேச்சாகிவிடுகின்றன. பாதி வரிகளை யாருக்கும் கேட்காத குரலில் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். இந்த மனிதரை எனக்குத் தெரியும். விடிகாலை மூன்று மணிக்கு வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசும் அறுவை மருத்துவர்களுக்குப் பக்கத்தில் நான் எத்தனையோ இரவுகள் நின்றிருக்கிறேன். அவர்கள் நகைச்சுவைக்காகப் பேசுவதில்லை. கை நடுங்காமல் இருப்பதற்காகப் பேசுகிறார்கள்.

முதல் வட்டிலேயே 'ஓ.ஆர்.' என்ற அத்தியாயம் இருக்கிறது. முழுக்க முழுக்க அறுவை அரங்கிலேயே நடப்பதால் ஒளிபரப்பான நாளிலேயே சிரிப்பு இல்லாமல் வந்தது. மேசைகள் அடுத்தடுத்து, காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அங்குள்ள இன்னொரு அறுவை மருத்துவர் ஃபிராங்க் பர்ன்ஸ் ஒரு சிறுநீரகத்தை எடுக்கப் போகிறார். அந்த வீரனுக்கு இருப்பதே அந்த ஒன்றுதான் என்று கடைசி நேரத்தில் தெரிகிறது. இதைப் பார்த்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். மற்ற அத்தியாயங்களில் ஃபிராங்க் நமக்குக் கோமாளி. இங்கே அவர் கையில் கத்தி இருக்கிறது. திறமை இல்லாதவர் அறுவை மேசையில் நின்றால் என்ன ஆகும் என்பதை அரை மணி நேரத்துக்குள் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொரு நாடகத்தை நான் பார்த்ததில்லை. கொரியாவில் பணியாற்றிய மருத்துவர்களையும் செவிலியர்களையும் தேடிப் பேசித்தான் எழுதினார்கள் என்பது இந்த மாதிரி இடங்களில் தெரிகிறது.

செவிலியர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அங்கேதான் எனக்கு இந்தத் தொடர்மீது உண்மையான வருத்தம். தலைமைச் செவிலியர் மார்கரெட்டைத் தவிர, மற்றவர்களுக்குப் பல அத்தியாயங்களில் ஒழுங்கான பெயர்கூடக் கிடையாது. ஏபிள், பேக்கர் என்று கூப்பிடுவார்கள். அவை அந்தக் கால ராணுவத்தில் ஏ, பி எழுத்துகளைக் குறிக்க வைத்திருந்த சொற்கள். ஒரு வாரம் ஒருவர் பேக்கராக வருவார், இன்னொரு வாரம் வேறொருவர் அதே பெயரில் வருவார். மருத்துவர்கள் அவர்களைத் துரத்துவதும், அவர்கள் வெட்கத்தோடு நழுவுவதும் சிரிப்பொலியோடு விளையாட்டாகத் தெரிந்தன. சிரிப்பை எடுத்துவிட்டால் அந்தக் காட்சிகளில் ஒரு பெண் தன் வேலையைச் செய்ய முடியாமல் நிற்பது மட்டும்தான் தெரிகிறது. பின்னணியில் அமைதியாகக் கருவி எடுத்துக்கொடுத்துக்கொண்டிருக்கும் கெல்லி நகஹாராவைக் கவனியுங்கள். ஆண்டுக்கணக்காக அப்படி நின்ற பிறகு, பதினோராவது சீசனில்தான் அவருக்கென்று ஓர் அத்தியாயம் எழுதினார்கள்.

அந்த வருத்தத்துக்கு ஓர் ஆறுதல் இதே சீசனில் இருக்கிறது. மூன்றாவது வட்டில் வரும் 'எய்ட் ஸ்டேஷன்'. ஹாக்கையும் மார்கரெட்டும் மருத்துவமனைப் பணியாளர் கிளிங்கரும் முன்னணியில் இருக்கும் முதலுதவி நிலையத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். வெளியே குண்டுகள் விழுந்துகொண்டிருக்க, உள்ளே வேலை நடக்கிறது. மார்கரெட்டாக நடித்த லொரெட்டா ஸ்விட்டின் கண்களை மட்டும் பாருங்கள். முகத்தில் பாதி முகமூடிக்குள் இருக்கிறது, வசனம் அதிகம் இல்லை. மருத்துவர் கேட்பதற்கு முன்பே அடுத்த கருவிக்குக் கை போகிறது. அதுதான் எங்கள் தொழில். கேட்ட பிறகு கொடுப்பவர் உதவியாளர், கேட்பதற்கு முன் கொடுப்பவர் செவிலியர் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்தவர் சொல்வார். ஸ்விட் 2025 மே மாதம் காலமானபோது நான் முதலில் நினைத்துக்கொண்டது இந்த அத்தியாயத்தைத்தான்.

சிரிப்பு இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாதவையும் உண்டு. 'ஸ்பிரிங்டைம்', 'பேடே' இரண்டும் எனக்கு மெலிந்துவிட்டன. ஃபிராங்கும் மார்கரெட்டும் ஒளிந்து பேசும் காட்சிகள் பலவும் காற்றுப் போன பந்துபோலக் கிடக்கின்றன. 'ஆடம்ஸ் ரிப்ஸ்' மட்டும் இரண்டு விதத்திலும் நிற்கிறது. தினமும் ஈரலும் மீனும் தின்று வெறுத்துப்போன ஹாக்கை, சிகாகோவிலிருந்து விலா இறைச்சி வரவழைக்கப் படும் பாடு அது. தட்டு முன்னால் வந்து, வாயில் வைக்கப் போகும் நேரத்தில் காயம்பட்டவர்கள் வந்து சேர்கிறார்கள். ஆறிப்போன சாப்பாட்டை அறிந்தவர்களுக்கு அதில் தனியாகச் சிரிப்பொலி தேவையில்லை.

இன்னோர் அத்தியாயம் என்னைத் தூங்கவிடவில்லை. 'ஒயிட் கோல்டு'. பெனிசிலின் திருட்டைப் பற்றிய கதை. உளவு அதிகாரி கர்னல் ஃபிளாக்கை அங்கிருந்து நகரவிடாமல் செய்ய, ஹாக்கையும் டிராப்பரும் அவருடைய குடல்வாலை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். நோய் எதுவும் இல்லாத ஒருவருடைய உடலைத் திறக்கிறார்கள். கேசட் காலத்தில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த கதை இது. செவிலியர் பயிற்சியில் இருந்துகொண்டே சிரித்தோம். இப்போது அமைதியில் பார்க்கும்போது அடிவயிறு கலங்கியது. ஆனால் தொடரின் மீது எனக்கு மதிப்பு கூடியதும் இதனால்தான். நான்கு ஆண்டுகள் கழித்து, 1979-இல், ஏழாவது சீசனில் அதே மாதிரி ஒரு சூழ்நிலையை மறுபடி எழுதினார்கள். நோயற்ற உடலைத் தொடக் கூடாது என்று நடிகர் மைக் ஃபாரல் எதிர்த்தார். ஆல்டாவுக்கும் அவருக்கும் நடந்த அந்த வாக்குவாதமே கதைக்குள் போய்விட்டது. ஃபாரல் நடித்த பாத்திரம் அறுவையில் சேர மறுத்து வெளியேறும். தன் பழைய சிரிப்பைத் தானே திரும்பிப் பார்த்துக் கேள்வி கேட்ட தொடர் இது.

வட்டைப் பற்றிச் சில சொற்கள். படம் பழைய தொலைக்காட்சியின் சதுர அளவிலேயே இருக்கிறது, அது நல்லது. ஃபிலிமில் எடுத்ததால் முகங்கள் தெளிவாக இருக்கின்றன. வெளிப்புறக் காட்சிகளில் கொஞ்சம் பொரிப்பொரியாகத் தெரியும், ஹெலிகாப்டர் வரும் இடங்களில் கூடுதலாக. என் பிளேயரில் ஒவ்வொரு வட்டைப் போடும்போதும் சிரிப்பை மறுபடி அணைக்க வேண்டியிருந்தது, மறந்துவிடாதீர்கள். எழுதியவர்களோ நடிகர்களோ பேசும் விளக்க உரை எதுவும் இதில் இல்லை. 1975-இல் என்ன நடந்தது என்று அவர்கள் வாயால் கேட்க ஆசைப்படுபவர்களுக்கு அது பெரிய குறைதான்.

இருபத்து மூன்று அத்தியாயங்களை நான் சொன்னபடி சிரிப்பு இல்லாமல் பாருங்கள். கடைசியாக வரும் 'அபிசீனியா, ஹென்றி'க்கு மட்டும் சிரிப்பை மறுபடி போட்டுவிடுங்கள். முதலில் அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன். மறுநாள் சிரிப்போடு பார்த்தபோதுதான் அதன் கட்டுமானம் புரிந்தது.

ஹென்றிக்கு வீடு திரும்ப உத்தரவு வந்துவிட்டது. விருந்து, கேலி, கட்டிப்பிடித்து விடைபெறுதல். ஏறக்குறைய இருபது நிமிடங்கள் கூட்டம் சிரித்துக்கொண்டே இருக்கிறது. பிறகு காட்சி அறுவை அரங்குக்கு மாறுகிறது, வழக்கப்படி சிரிப்பு நின்றுவிடுகிறது. மருத்துவமனையின் எழுத்தர் ரேடார் முகமூடி போடாமல் உள்ளே வருகிறான். முகமூடி போடு என்று அதட்டுகிறார்கள். கையில் இருக்கும் தாளைப் படிக்கிறான்: ஹென்றி போன விமானம் ஜப்பான் கடலின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை. சிரிப்பு முழுவதுமாக இல்லாமல் பார்த்தபோது அது துக்கமான ஒரு முடிவாக இருந்தது. சிரிப்போடு பார்த்தபோது தரை காலுக்குக் கீழே இல்லை. 1975 மார்ச் 18 இரவு அமெரிக்க வீடுகளில் இதுதான் நடந்திருக்கும். வியட்நாம் போர் இன்னும் முடியவில்லை. அதற்கு ஆறு வாரம் கழித்துத்தான் சைகோன் வீழ்ந்தது. நகைச்சுவைத் தொடரில் இப்படிச் செய்யலாமா என்று கோபக் கடிதங்கள் குவிந்தன.

திரைக்கதையின் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கெல்பார்ட் நடிகர்களிடமிருந்து மறைத்தே வைத்திருந்தார். ஆல்டாவைத் தவிரப் பெரும்பாலோருக்குக் காட்சி எடுக்கும் நேரம்வரை தெரியாது. இரண்டாவது முறை எடுத்தபோது யாரோ ஒருவர் கையிலிருந்து கருவி ஒன்று தற்செயலாகத் தரையில் விழுந்தது. அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் அரங்குக்கும் ஒருமுறை அப்படி ஒரு செய்தி வந்தது. எங்களோடு பல ஆண்டுகள் வேலை செய்த ஒருவர் அன்று காலை இறந்துபோனார் என்று கதவருகே நின்று ஒரு பெண் சொன்னாள். மருத்துவர் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த தையலுக்குக் கையை நீட்டினார், நான் கொடுத்தேன். முடித்த பிறகு காஸ் துணிகளை எண்ணினோம். எண்ணிக்கை சரியாக இருந்தது. அதன் பிறகுதான் அழுதோம்.

ரேடார் படித்து முடித்ததும் ஆல்டாவும் ராஜர்ஸும் ஸ்விட்டும் குனிந்த தலையோடு வேலையைத் தொடர்கிறார்கள். தரையில் விழும் அந்த உலோக ஓசைக்காக மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். அதை எடுக்க யாரும் குனியவில்லை.