நடராசர் களவுபோன கதையை ஒரே தாளில் சொல்ல: வரைபடமா, காலக்கோடா, இரட்டைப் படமா?

ஸ்ரீபுரந்தான் நடராசர் கதை சென்னையில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். அரியலூர் மாவட்டத்துக் கோயில், சோழர் காலச் செப்புத் திருமேனி, ஆஸ்திரேலியப் பிரதமர் கொண்டுவந்து கொடுத்தார், அவ்வளவுதான். இதைக் கல்லூரிக் கண்காட்சி ஒன்றுக்கு ஏ2 அளவு இன்ஃபோகிராஃபிக்காக, அதாவது தகவல் சித்திரமாகச் செய்யும் வேலை வந்தது. யாரிடம் சொன்னாலும் முதல் யோசனை உலக வரைபடம்தான். அதை மற்ற வழிகளோடு வைத்துப் பார்ப்போம்.

வரைபடத்தில் ஒரு கவர்ச்சி இருப்பது உண்மை. கிராமத்திலிருந்து சென்னை, அங்கிருந்து நியூயார்க், பிறகு கான்பெரா என்று வளைந்த அம்புகள் போட்டால் எட்டி நின்று பார்ப்பவரும் நின்றுவிடுவார். ஆனால் அளவு காலை வாரிவிடுகிறது. ஏ2 தாளைக் கிடையாக வைத்தால் அகலம் 594 மில்லிமீட்டர். அதில் முழு உலகத்தையும் பரப்பினால் ஸ்ரீபுரந்தானுக்கும் சென்னைக்கும் நடுவே கிடைப்பது நாலு மில்லிமீட்டர்தான். திருட்டு நடந்த இடம் ஒரு புள்ளி, பசிபிக் பெருங்கடல் ஒரு சாண். பூசை நின்று பூட்டிக் கிடந்த கோயில், கைவினைப் பொருள் என்று சொல்லி ஏற்றுமதி செய்தது என்று கதையின் சூடான பகுதி முழுக்க அந்த நாலு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். உள்படம் ஒன்று போட்டுப் பெரிதாக்கலாம். அப்படிச் செய்தால் உள்படமே முழுப் படமாகிவிடும், உலகம் எதற்கு?

ஒரே இரவில், ஒரே கட்டடத்தில் நடந்த திருட்டு என்றால் இடத்தை வரைவது பொருந்தும். பாஸ்டன் நகரின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 1990 மார்ச் 18 அன்று போலீஸ் உடையில் வந்த இருவர் 81 நிமிடத்தில் 13 கலைப்பொருள்களை எடுத்துப் போனார்கள். அதற்குக் கட்டடத்தின் தள வரைபடமும் நிமிடக் கணக்கும் போதும், படம் தானாகப் பேசும். நம் கதை அப்படியில்லை. இங்கே திருட்டு என்பது பல வருடம் நீண்ட வியாபாரம்.

காலக்கோடு இந்த இடத்தில்தான் முன்னால் வருகிறது. அதுவும் ஒற்றைக் கோடாகப் போடக் கூடாது. 2006, 2008, 2011, 2014 என்று மணி கோத்தாற்போல வரிசையாக வைத்தால் பள்ளிப் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். இரண்டு கோடு போடுங்கள். மேலே ‘சந்தையில் நடந்தது’, கீழே ‘ஊருக்குத் தெரிந்தது’. மேல் கோட்டில் 2006இல் சிலை கோயிலை விட்டுப் போகிறது, நியூயார்க் சேர்கிறது. 2008 தொடக்கத்தில் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்குகிறது. அதுவரை கீழ்க் கோட்டில் ஒன்றுமே இல்லை. அதே 2008இல் சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று கோயிலைத் திறந்தபோதுதான் சிலைகள் இல்லை என்றே தெரிகிறது. அதாவது, களவு போன சேதி ஊருக்குத் தெரியும் முன்பே விற்பனை முடிந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தை உலக வரைபடத்தால் காட்டவே முடியாது. கீழே வெறுமையாக ஓடும் அந்த இடத்தில் ஐகான் எதையும் வைத்து நிரப்பாதீர்கள். டிசைனர் கை சும்மா இருக்காது, தெரியும், இருந்தாலும் விடுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு கோடும் நெருங்கி வரும். 2011இல் பிராங்க்பர்ட்டில் கபூர் கைது, 2012இல் இந்தியாவுக்கு நாடுகடத்தல், 2014 செப்டம்பரில் அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் சிலையை ஒப்படைத்தது. கூடவே களவுபோன இன்னொரு சிலையான விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும் வந்தார். அவருக்கு ஒரு சின்னக் கிளைக்கோடு போதும். ஒரு எச்சரிக்கை: 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குக் கொடுத்த பத்தாண்டுத் தண்டனையை இந்தக் கோட்டின் கடைசியில் கொண்டுபோய் ஒட்டிவிடாதீர்கள். அது உடையார்பாளையம் பக்கத்துப் பெருமாள் கோயில் வழக்கு. கதை அழகாக முடிகிறதே என்று இரண்டையும் சேர்த்தால் தப்பான தகவல் ஆயிரம் போனுக்குப் போகும்.

இரட்டைப் படம் மூன்றாவது வழி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இந்த நடராசர் கோயிலுக்குள் இருந்தபோது 1994இல் எடுத்த படம் இருந்தது. அதையும் கான்பெரா கலைக்கூடத்தின் படத்தையும் 2013இல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது, பழம்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பே சிலை நாட்டை விட்டுப் போய்விட்டது போலக் காட்டிய போலி ஆவணம் ஆட்டம் கண்டது. பார்ப்பவர் மனதில் ஒட்டுவதில் இதற்கு ஈடு இல்லை. மெழுகு வார்ப்பில் அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுப்பார்கள், ஆகவே ஒன்றைப் போல அச்சு அசலாக இன்னொன்று இருக்காது. சிலையைச் சுற்றிய சுடர் வளையமான திருவாசியில் ஒரு சுடரின் சாய்வு, விரிசடையின் நுனி, பீடத்தின் விளிம்பு என்று ஒரே இடங்களில் 1, 2, 3 எண் போட்டால் பார்ப்பவரே துப்பறிவாளர் ஆகிவிடுவார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் நடராசர்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும்.

சிக்கல் உரிமையில் இருக்கிறது. காப்பகப் படம் அனுமதி கேட்டுப் போட வேண்டியது, கலைக்கூடத்தின் படமும் அப்படித்தான். அனுமதி வருவதற்குள் கண்காட்சி முடிந்துவிடும் என்றால் வெளிக்கோட்டுச் சித்திரமாக வரைந்து கொள்ளலாம், ஆனால் பாதி பலம் போய்விடும். கோட்டுச் சித்திரம் சாட்சி சொல்லாது. அப்புறம் இன்னொன்று: சாமிக்கு விலங்கு மாட்டுவது, முகத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போடுவது எல்லாம் வேண்டாம். கண்காட்சிக்கு வரும் பாட்டிகள் சும்மா விட மாட்டார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயமும்.

பணம் எப்படிக் கைமாறியது என்ற ஓட்டப்படம் கேட்பவர்களும் உண்டு. நிச்சயமாகத் தெரிந்த தொகை கடைசி விலை ஒன்றுதான். ஒற்றை எண்ணை வைத்து ஓட்டப்படம் போட முடியாது, அதைப் பெரிய எழுத்தில் காலக்கோட்டிலேயே வைத்துவிடலாம்.

மென்பொருள் விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. போனுக்கு மட்டும் என்றால் கேன்வா. அச்சுக்கு என்றால் இங்க்ஸ்கேப், காசு கிடையாது, தமிழ் எழுத்தும் உடையாது. இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பை மாற்றாமல் தட்டினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘ஸ்ரீ’யைத் தனியாகப் பெரிதாக்கிப் பாருங்கள், சில எழுத்துருவில் ஸ், ரீ என்று இரண்டாகப் பிரிந்துவிடும். ஊர்ப் பெயரே அதில்தான் தொடங்குகிறது.

சரி, எதை எடுப்பது? காப்பகப் படத்துக்கு அனுமதி கிடைத்தால் தாளின் மேல் பாதி இரட்டைப் படம், கீழ்ப் பாதி இரட்டைக் கோடு. கிடைக்காவிட்டால் தாள் முழுக்க இரட்டைக் கோடுதான். வரைபடத்துக்கு ஓரத்தில் தீப்பெட்டி அளவு இடம், அதுவும் அரியலூர் மாவட்டத்துக்கு மட்டும். அச்சுக்குக் கொடுக்கும்போது பளபளப்புத் தாள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டியூப் லைட் வெளிச்சம் பட்டால் சின்ன எழுத்து தெரியாது.