கோத்தகிரியில் பை 4 சர்வர்: மணி தெரியாத பெட்டி

"பழைய பை 4 ஒண்ணு குறைஞ்ச விலைக்கு வருது, வீட்டுல சர்வர் வைக்க வாங்கலாமா?" என்று குன்னூர் நண்பர் கேட்டிருந்தார். பை 4 என்பது ராஸ்பெரி பை 4, கையடக்கக் குட்டிக் கணினி. வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துவிட்ட அப்படி ஒரு பெட்டியை வைத்துத்தான் இந்தப் பதில்.

ஏழெட்டு நண்பர்களின் படங்கள், கோப்புகள், இரண்டு மூன்று இணையப் பக்கங்கள். இவ்வளவுக்கு 4 ஜிபி ராஸ்பெரி பை 4, ஒரு எஸ்எஸ்டி, இணையப் பக்கங்களைத் தர கேடி (Caddy), கோப்புகளையும் படங்களையும் வைக்க நெக்ஸ்ட்கிளவுட் தாராளம். சில்லின் சூடு 80 டிகிரியைத் தொட்டால்தான் வேகத்தைக் குறைக்கும். நம்ம ஊர்க் குளிரில், இந்த வேலைக்கு, விசிறியே இல்லாமல் அதன் பக்கம்கூடப் போவதில்லை. எஸ்எஸ்டியோடு சேர்த்து 5 வாட் என்று வைத்தால் மாதம் 3.6 யூனிட்தான். வெளியிலிருந்து நேராக வர உதவும் பொது ஐபி முகவரியை இணைய நிறுவனம் தராவிட்டால், சாதனங்களைத் தனி வலையில் இணைக்கும் டெய்ல்ஸ்கேல் போதும். இதிலெல்லாம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறை ஒன்றே ஒன்று. பை 4-இல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. கரண்ட் வந்ததும் நெட்டும் வந்துவிடும், நேரத்தை அங்கிருந்து வாங்கிக்கொள்ளும். மலையில் ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் முதலில் வரும், மரம் விழுந்து அறுந்த ஃபைபர் இரண்டு நாள் கழித்து வரும். நடுவில் இருக்கும் அந்த நேரம்தான் பிரச்சினை.

மாலை 4:50-க்குக் கரண்ட் போகிறது, மறுநாள் காலை 9-க்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கொரு முறை கோப்பில் எழுதி வைத்த நேரத்தைத்தான் பை எடுத்துக்கொள்ளும். அதன் கணக்கில் இப்போது நேற்று மாலை நாலே கால். வீட்டு வைஃபையில் நெக்ஸ்ட்கிளவுடுக்குள் போகப் பார்த்தால், போனில் 30 விநாடிக்கொரு முறை மாறும் ஆறிலக்கக் குறியீடு பொருந்தாது. கடவுச்சொல் சரி, போன் சரி, சர்வரின் மணி தப்பு. இரவு 2 மணி பேக்கப் மாலை ஆறே முக்காலுக்கு, வீட்டில் எல்லோரும் படம் ஏற்றும் நேரத்தில், நேற்றைய இரவு என்ற கணக்கில் ஓடும். பிறகு நெட் வந்து கடிகாரம் ஒரே தாவாகத் தாவினால், இடையில் வரவேண்டிய கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) ஓடாமலே போய்விடும்.

இதைவிட மோசம், அதே பையில், தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடித் தரும் அன்பவுண்டைப் போட்டு, அந்தப் பதில்களின் கையொப்பத்தை (டிஎன்எஸ்செக்) சரிபார்க்க வைத்திருந்தால். கையொப்பங்களுக்குத் தொடக்க நேரம் உண்டு. பையின் மணி வெகுவாகப் பின்தங்கியிருந்தால் இன்னும் தொடங்காத கையொப்பம் என்று தள்ளிவிடும். அப்போது எந்தப் பெயருக்கும் முகவரி கிடைக்காது, நேர சர்வரின் பெயருக்கும்தான். நேரம் தெரிய முகவரி வேண்டும், முகவரி கிடைக்க நேரம் வேண்டும். ஃபைபர் வந்த பிறகும் பெட்டி இந்தச் சுழலிலேயே நிற்கும். வெளியே வர, நெட்டிலிருந்து நேரம் வாங்கும் டைம்சிங்க்டி நிரலின் அமைப்பில் பெயருக்குப் பதில் எண்ணையே எழுதுங்கள்: 162.159.200.1 கிளவுட்ஃப்ளேருடையது, 216.239.35.0 கூகுளுடையது.

முழுத் தீர்வு, பேட்டரியோடு ஓடும் டிஎஸ்3231 கடிகார மாட்யூல். அதே வேலை செய்யும் டிஎஸ்1307 வேண்டாம். அதன் படிகம் 25 டிகிரிக்கு அளவெடுத்தது, 10 டிகிரியில் ஒரு நாளைக்கு அரை விநாடிக்கு மேல் மெதுவாகும். டிஎஸ்3231 குளிருக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை, வருடத்துக்கு ஒரு நிமிடம்தான் பிசகும். 1-ஆம் பின்னில் 3.3 வோல்ட், 3-இல் எஸ்டிஏ (தரவுக் கம்பி), 5-இல் எஸ்சிஎல் (துடிப்புக் கம்பி), 9-இல் கிரவுண்ட். 5 வோல்ட்டில் கொடுக்காதீர்கள்: பல மலிவு மாட்யூல்களில் சார்ஜ் செய்யும் சுற்று உண்டு, சார்ஜ் ஏற்றக்கூடாத சிஆர்2032 பட்டன் பேட்டரிக்கு அது கேடு. பிறகு பையும் மாட்யூலும் பேசிக்கொள்ளும் ஐ2சி தடத்தை இயக்கி, கான்ஃபிக் கோப்பில் ஐ2சி-ஆர்டிசி ஓவர்லே என்ற வரியை டிஎஸ்3231 என்று சேர்த்து, மணிக்கொரு முறை நேரத்தைக் கோப்பில் எழுதிய ஃபேக்-எச்டபிள்யூகிளாக்கை நீக்கி, நெட் இருக்கும்போதே சரியான நேரத்தை மாட்யூலில் எழுதிவிடுங்கள். ஃபைபரையும் கரண்டையும் சேர்த்துப் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்து கரண்டை மட்டும் கொடுத்துப் பாருங்கள். மணி சரியாக இருந்தால்தான் வேலை முடிந்தது.

அதற்குப் பிறகும் பனிமூட்டம் இருக்கிறது. ஓடும் பெட்டி தன் சூட்டிலேயே காய்ந்து கிடக்கும். நின்ற பெட்டி குளிர்ந்து ஈரம் கோக்கும். பேட்டரி உட்காரும் தகட்டில் மெல்லப் பச்சைக் களிம்பு படியும், கரண்ட் போகும் நேரம் பார்த்துத் தொடர்பு விடும், கடிகாரச் சில்லு 2000 ஜனவரி 1-க்குத் திரும்பிவிடும். மழைக்கு முன் பேட்டரியைக் கழற்றி, தகட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். டப்பாவில் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள்.

நாலு கம்பியில் தீருகிற விஷயம்தான். ஆனாலும் என் பதில், வேண்டாம் என்பதே. ஒரு பழைய லேப்டாப் வாங்குங்கள், கடிகாரமும் பேட்டரியும் உள்ளேயே இருக்கும். பை 5-இல் கடிகாரம் இருக்கிறது, பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். பை 4-தான் என்று முடிவெடுத்துவிட்டால், டிஎஸ்3231-ஐ அதே நாளில் வாங்கி, ஐப்பசி பிறக்குமுன் மாட்டிவிடுங்கள்.