மூன்றாம் கியரும் இடது காலும்: ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டோடு ஏழு ஆண்டுகள்

என் வீடு வவுனியாவில், வேலை முல்லைத்தீவில். திங்கட்கிழமை விடியற்காலையில் புறப்பட்டு வெள்ளி மாலையில் திரும்புவேன். ஏ9 வீதியில் மாங்குளம் வரை நேரே போய், அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி ஒலுமடு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று என்று போகும் வழி. நேரம் கிடைத்தால் புளியங்குளத்திலேயே பிரிந்து நெடுங்கேணி ஊடாகப் போவேன். இந்த வழிகளில் ஓட்டவே 2018 இன் கடைசியில் ஜப்பானிலிருந்து வந்த சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒன்றை வாங்கினேன். ஆறு கியர் மனுவல், அதாவது கிளச்சை மிதித்துக் கியரை நாமே மாற்றும் வகை. 2023 இன் நடுப்பகுதியில் என் ஒன்றுவிட்ட தம்பி குடும்பத்தோடு கனடாவுக்குப் போனபோது, அதே காரின், கியர் தானாக மாறும் ஓட்டோ வகையை என்னிடம் விட்டுச் சென்றார். மனுவலில் 78,000 கிலோமீற்றர், ஓட்டோவில் 31,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன். இலங்கையில் 2020 இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்ததிலிருந்து, "அண்ணா, மனுவலா ஓட்டோவா?" என்று கேட்கும் தம்பிமார் அதிகரித்துவிட்டார்கள். வீதியோரத்தில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

காரைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். 2017 இல் ஜப்பானில் வெளிவந்த மாதிரி இது. காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ பொருத்திய 1.4 லீற்றர் இயந்திரம், 140 குதிரைவலு, 230 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. அந்த முறுக்குவிசை நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்துவிடும். எடை மனுவலில் 970 கிலோ, ஓட்டோவில் 990. ஓட்டோவிலும் ஆறு கியர்தான். மனுவலில் இயந்திரத்தையும் கியர்ப் பெட்டியையும் இணைக்கும் கிளச் தட்டு செய்யும் வேலையை எண்ணெய் நிரம்பிய டோர்க் கொன்வேர்ட்டர் செய்கிறது. இதற்கு முந்திய ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் ஓட்டோ வகையில் சி.வி.ரி. பெட்டி இருந்தது, அதில் படிப்படியான கியர்கள் இல்லை, விகிதம் தொடர்ச்சியாக மாறும். அதை ஓட்டியவர்கள் அந்த நினைவை வைத்து இதை எடைபோட வேண்டாம். இரண்டும் வேறு வேறு.

இனி வீதிக்கு வருகிறேன். ஏ9 இல் எழுபதுக்கு மேல் போகக் கூடாது. வேகத்தை அளக்கும் கருவியோடு பொலிஸார் எந்த மரநிழலில் நிற்பார்கள் என்பது கனகராயன்குளத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அப்படியென்றால் இந்தக் கார் எதற்கு என்று என் அப்பாவே கேட்டிருக்கிறார். நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று முன்னால் ஐம்பதில் போய்க்கொண்டிருக்கிறது, எதிரே நானூறு மீற்றருக்கு வீதி வெறுமை, அதற்கு அப்பால் ஒரு பஸ் வருகிறது. இந்த இடத்தில்தான் அவருக்கான பதில் இருக்கிறது. ஆறாவது கியரில் போகும்போது இயந்திரம் இரண்டாயிரம் சுற்றைக்கூடத் தொடுவதில்லை, டேர்போ தூங்கிக்கொண்டிருக்கும். அப்படியே அக்சிலரேட்டரை மிதித்தால் கார் யோசிக்கும். ஐந்தைத் தாண்டி நான்குக்கோ, லொறி மிக மெதுவாகப் போனால் மூன்றுக்கோ இறக்கிவிட்டு மிதித்தால் அடுத்த கணமே இழுக்கும். லொறியின் பின்சில்லுக்குப் பக்கத்தில் இருந்த நான் இரண்டு மூச்சுக்குள் அதன் முன் விளக்கைத் தாண்டியிருப்பேன். எதிர்ப்பக்கத்தில் எவ்வளவு குறைந்த நேரம் நிற்கிறோமோ அவ்வளவுக்கு உயிருக்குப் பாதுகாப்பு. மனுவலில் இதை லொறிக்குப் பின்னால் நிற்கும்போதே ஆயத்தப்படுத்தி வைக்கலாம். கியர் ஏற்கெனவே இறங்கியிருக்கும், வலது கால் மட்டும் காத்திருக்கும்.

மூன்றாம் கியரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வரை காடும் வயலும் மாறி மாறி வரும். காலை ஆறு மணிக்கு வீதியில் பனி இருக்கும், வெயில் மரங்களுக்கிடையே கீற்றாக விழும். வளைவுக்கு முன் பிரேக்கைத் தொட்டு, இடது காலால் கிளச்சை அழுத்தி, நான்கிலிருந்து மூன்றுக்கு இழுக்கும்போது கியர்த்தடி உள்ளங்கைக்குள் ஒரு சிறு தட்டோடு போய் உட்காரும். அந்தத் தட்டு கையில் படும் அதே வேளை இயந்திரத்தின் குரல் உயரும். கார் என்ன செய்யப்போகிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் அதைத் தீர்மானித்தவன் நான். ஐந்து ஆண்டில் ஒரு திங்கட்கிழமைகூட அந்தத் துண்டு வீதி எனக்குச் சலித்ததில்லை.

ஓட்டோவில் அதே லொறியை முந்தும்போது அக்சிலரேட்டரை அடிவரை மிதிக்க வேண்டும். பெட்டி ஒரு கணம் யோசித்து, இரண்டு கியர் இறக்கி, பிறகு பாயும். நீளமில்லாத அந்தக் கணம் முதல் மாதம் முழுவதும் என்னை எரிச்சல்படுத்தியது. ஸ்ரியறிங்குக்குப் பின்னால் இரண்டு சிறு துடுப்புகள் இருக்கின்றன. இடப்பக்கம் இழுத்தால் கியர் இறங்கும், வலப்பக்கம் இழுத்தால் ஏறும். லொறியை முந்துவதற்கு முன்பே இடப்பக்கத்தை இரண்டு தடவை இழுத்து வைத்தால் அந்தத் தயக்கம் போய்விடும். ஆனாலும் அவற்றை நான் விளையாட்டுப் பொருளாகவே நினைத்திருந்தேன். அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

எரிபொருளில் பெரிய வேறுபாடு இல்லை. ஏ9 இல் நிதானமாக ஓடினால் மனுவல் லீற்றருக்கு 16 கிலோமீற்றரை ஒட்டித் தந்தது, ஓட்டோ 15. தாங்கி 37 லீற்றர்தான். டேர்போ இயந்திரம் என்பதால் 95 ஒக்டேன் பெற்றோல் ஊற்றுகிறேன். உள்ளூர் நிரப்பு நிலையங்கள் எல்லாவற்றிலும் அது கிடைப்பதில்லை. எனவே வவுனியாவில் நிரப்பாமல் புறப்படுவதில்லை.

பெற்றோல் என்றதும் 2022 இன் தட்டுப்பாடு நினைவுக்கு வருகிறது. பெற்றோலைப் பங்கிட்டுத் தரும் கியூ.ஆர். முறை வருவதற்கு முன் நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். தொடக்கத்தில் நான் இயந்திரத்தை ஓடவிட்டு, அரைக் கிளச்சில் ஒரு கார் நீளம், அரைக் கார் நீளம் என்று ஊர்ந்தேன். பிறகுதான் எல்லோரையும் போல நியூட்ரலில் போட்டு, கதவைத் திறந்து தோளால் தள்ளப் பழகினேன். அதற்குள் கிளச் தட்டுக்குச் சேதம் ஏற்பட்டுவிட்டது. அந்த ஆண்டின் இறுதியில், 61,000 கிலோமீற்றரில், மேட்டில் மிதித்தால் சுற்று மட்டும் ஏறியது, வேகம் ஏறவில்லை. உதிரிப்பாகம் வந்துசேர ஐந்து கிழமை ஆனது. அந்த ஐந்து கிழமையும் பஸ்ஸில் போனேன்.

மனுவலுக்குச் சார்பாக இன்னொரு நாளையும் சொல்லியாக வேண்டும். முள்ளியவளையில் ஒரு மாலை பற்றரி இறங்கிவிட்டது. விளக்கு எரிகிறது, ஸ்ராட்டர் மட்டும் டிக் டிக் என்கிறது. பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் நான்கு பேர் ஓடிவந்து தள்ளினார்கள். இரண்டாம் கியரில் போட்டு, கார் உருளத் தொடங்கியதும் கிளச்சை விட்டேன். ஒரு குலுக்கு, இயந்திரம் பிடித்துக்கொண்டது. ஓட்டோவை இப்படித் தள்ளி எழுப்ப முடியாது. இரவில் கராஜ் எதுவும் திறந்திருக்காத ஊர்களில் வாழ்பவர்கள் இதை அலட்சியமாக எண்ணக் கூடாது. ஓட்டோ வந்த நாளிலிருந்து பற்றரிக்கு உயிர் கொடுக்கும் வயர்ச் சோடியைப் பின்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஆனால் மனுவல் என்னைக் கைவிட்ட ஓர் இரவும் உண்டு. நெடுங்கேணி வீதி, 2021 கார்த்திகை மாதம், மழை ஓய்ந்த நேரம். வளைவைத் திரும்பியதும் வெளிச்சத்தில் சாம்பல் நிறச் சுவர் ஒன்று நின்றது. ஒற்றை யானை. இருபத்தைந்து மீற்றர் இருக்கலாம். பிரேக்கை மிதித்த பதற்றத்தில் கிளச்சை மறந்துவிட்டேன். கார் ஒருமுறை துள்ளி நின்றுபோனது. அந்த அமைதியில் யானையின் காதுகள் அசைந்த ஓசைகூடக் கேட்டது. கிளச்சை அழுத்தினால்தான் இயந்திரம் மீண்டும் எழும். என் இடது முழங்கால் நடுங்கியதில் அதை முழுதாக அழுத்தவே முடியவில்லை. மூன்றாவது தடவையில் எழுந்தது. ரிவர்ஸ் போட்டு இருநூறு மீற்றர் பின்னால் வந்து, விளக்கைத் தாழ்த்தி, அது காட்டுக்குள் இறங்கும் வரை காத்திருந்தேன். ஓட்டோவில் இப்படி நின்றுபோகாது. பிரேக்கில் கால், தடியை ரிவர்ஸில் போடு, காலை எடு. பயந்த மனிதனுக்கு அவ்வளவுதான் செய்ய முடியும்.

கட்டாக்காலி மாடுகளுக்கும் இதே கணக்கு. மாலையில் வீதியில் படுத்திருக்கும் கூட்டத்துக்குள்ளும், மாசியில் நெல் காயப்போட்டு ஒரு பாதி மூடப்பட்ட வீதியிலும், அறுவடை இயந்திரத்தின் பின்னாலும் ஊர்ந்து போக ஓட்டோவே சுகம். வயலுக்குப் போகும் கிரவல் பாதையில் இரண்டுமே துன்பம். தரையிலிருந்து காரின் உயரம் 120 மில்லிமீற்றர்தான், கியர் எதுவானாலும் கல் முன்பம்பரில் அடிக்கும்.

ஓட்டோ எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கியர் எண்ணெய் மாற்ற ஒரு கராஜுக்குப் போனபோது சி.வி.ரி. எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறந்துவிட்டார்கள். நம் பக்கம் ஓடும் ஜப்பானிய ஓட்டோ கார்களில் பல சி.வி.ரி. என்பதால் கை தானாக அதைத் தேடியிருக்கிறது. நான் பக்கத்தில் நின்றதால் தப்பியது. கைநூலில் சொல்லப்பட்ட எண்ணெய் வகையை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள், ஊற்றும் வரை அங்கேயே நில்லுங்கள். 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். நம் வெயிலுக்கு அது வேண்டும்.

இனி அத்தானைப் பற்றி. என் அக்காவின் கணவர் புதுக்குடியிருப்பில் இருக்கிறார். ஒரு காலத்தில் லொறி ஓட்டியவர். 2009 இல் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் போட்டு நடக்கிறார், தோட்டம் செய்கிறார். என் மனுவல் காரில் பலமுறை பக்கத்து இருக்கையில் வந்திருக்கிறார். நான் கியர் மாற்றப் பிந்தினால், "தம்பி, இயந்திரம் கேட்குது, குடும்" என்பார். அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. மருத்துவப் பரிசோதனையும் சாரதிப் பரீட்சையும் முடித்து, ஓட்டோ கியருக்கான அனுமதிப்பத்திரத்தை அவர் எடுத்து வைத்திருந்தது எனக்கு 2023 வரை தெரியாது. ஓட்டோ வந்த கிழமை அக்கா சொல்லித்தான் அறிந்தேன்.

ஒரு ஞாயிறு காலை சாவியைக் கொடுத்தேன். புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வீதியில் வள்ளிபுனம், உடையார்கட்டு என்று மெதுவாகப் போனோம். வேகம் கூடி இயந்திரத்தின் குரல் உயரும் ஒவ்வொரு தடவையும் அவருடைய இடது முழங்கால் தானாக எழுந்தது. அங்கே கிளச் இல்லை. செயற்கைப் பாதம் கால்விரிப்பில் மெல்லத் தட்டும், அதற்குள் பெட்டி தானே கியரை மாற்றியிருக்கும். டொக். டொக். பதினான்கு ஆண்டு ஓட்டாமல் இருந்த கால் இன்னும் கணக்கு மறக்கவில்லை. நான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். விசுவமடுவுக்குக் கிட்ட அந்த ஓசை நின்றது. திரும்பிப் பார்த்தால் அவருடைய விரல்கள் துடுப்புகளில் இருந்தன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வளைவுக்கு முன் இடப்பக்கத்தை ஒருமுறை இழுத்தார். கியர் இறங்கி இயந்திரம் குரல் உயர்த்தியது. வளைவு முடிந்ததும் வலப்பக்கம். நான் அந்தக் கியர்களை அப்படி மாற்றியதே இல்லை, அவ்வளவு நேரம் பிசகாமல். "இது லொறியை விட நல்லாயிருக்கு" என்றார். அன்று பரந்தன் வரை போய்த் திரும்பினோம்.

அன்றைக்குப் பிறகு எந்தக் காரை வைத்துக்கொள்வது என்ற கேள்வி என் வீட்டில் எழவில்லை. ஆள் ஒருவர், கால் இரண்டும் நலம், ஒட்டுசுட்டான் வளைவுகள் பிடிக்கும் என்றால் மனுவலை எடுங்கள். அது தரும் மகிழ்ச்சியை ஓட்டோ தராது. ஆனால் வன்னியில் ஒரு வீட்டுக்கு ஒரு காரே பெரிய விடயம், அதை ஒருவர் மட்டும் ஓட்டுவது அரிது. இப்போது ஓட்டோ வார இறுதிகளில் அத்தானோடு நிற்கிறது. மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் அவரே ஓட்டிப் போகிறார், ஓட்டுவதற்காகவும் ஓட்டுகிறார்.

மனுவலை இந்த ஆண்டு விற்றுவிட்டேன். வாங்க வந்தவர் ஒலுமடுவைச் சேர்ந்த இளைஞர். கிளச்சைச் சோதிக்க நானே சொல்லிக்கொடுத்தேன்: நாலாம் கியரில் நாற்பதில் போகும்போது முழுதாக மிதித்துப் பார், சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் வாங்காதே. கார் வழுக்காமல் இழுத்தது. பிறகு முதல் வளைவு வந்தது. அவர் பிரேக்கைத் தொட்டு மூன்றுக்கு இழுத்தார். தடி அந்தச் சிறு தட்டோடு உட்கார்ந்தது. கையை உடனே எடுக்காமல் ஒரு கணம் தடியின் மேலேயே வைத்திருந்தார். திரும்பி வந்து இறங்கியதும் கேட்ட விலையில் ஒரு இலட்சம் குறைத்துக்கொண்டேன்.