எட்டு ஆண்டுகள், நான்கு கருவிகள், ஒரு பித்தளை வில்லை

வீட்டில் தனியாக உட்கார்ந்து மின்னணு இசை செய்கிறவன் நான். கேட்கிற நண்பர்கள் தவறாமல் விசாரிப்பது ஒன்றுதான்: "பின்னால் முனகிக்கொண்டே போகிறதே, அது எந்த சின்தசைசர்?" அது சின்தசைசரே இல்லை, அலுமினிய ஏணி. ஏணிக்குப் பிறகு வருகிறேன். காசு செலவழித்த வரிசையில் சொல்வதுதான் நியாயம்.

முதலில் வாங்கியது ஓர் அனலாக் சின்தசைசர். 1970-இல் வந்த மினிமூக் என்ற சின்தசைசர் போட்டுவைத்த தடத்தில் போவது: ஒலியலை எழுப்பும் ஆசிலேட்டர் மூன்று, அதைச் செதுக்கும் ஃபில்டர் ஒன்று, ஒரு நேரத்தில் ஒரே சுரம். முதல் ஆண்டு முழுக்க ஃபில்டர் குமிழைத் திருகியே கழித்தேன். இப்போது அதன் பக்கம் கை போவதில்லை. இன்றும் அலுக்காதது, இரண்டு ஆசிலேட்டர்களை மயிரிழை விலக்கி வைப்பது மட்டுமே. ஒன்று 110 ஹெர்ட்ஸ், மற்றது 110.5. இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒலி தானாகப் புடைத்துத் தணியும். தாழ்ந்த பேஸ் ஒலியில் இப்படி ஒரு மூச்சு கிடைத்துவிட்டால் தாளத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

தொல்லை சுருதியில்தான். சூடேற ஏற டிரான்சிஸ்டர்களின் போக்கு மாறும். சுவிட்சைப் போட்டதும் சுருதி சேர்த்தால் அரை மணி நேரத்தில் கலைந்துவிடுகிறது. அதனால் அறைக்குள் வந்ததும் முதலில் அதைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறேன். ஒலியைச் சேமிக்க நினைவகமும் கிடையாது. நல்ல ஒலி அமைந்தால் குமிழ்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே திருப்பி வைத்தாலும் பழைய ஒலி வந்ததில்லை, அதன் தம்பிதான் வரும். ஆறாம் ஆண்டில் குமிழ்கள் கரகரத்தன. காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை முன்னும் பின்னும் திருகியதும் சரியாகிவிட்டது.

அடுத்தது எஃப்எம் கீபோர்டு. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்த முறை இது. 1983-இல் யமஹாவின் டிஎக்ஸ்7 அதை ஊரெங்கும் கொண்டுபோனது. ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் வேகமாக ஆட்டினால் புதிய மேற்சுரங்கள் முளைக்கும். இரண்டுக்குமான விகிதம் முழு எண்ணாக இருந்தால் இனிமை, 1-க்கு 1.4 என்று வைத்தால் மணி. எனக்கு மிஞ்சியவை மணிகள் மட்டுமே. மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. பொறுமை இல்லாதவர்கள் வாங்க வேண்டாம்.

தெரெமினை ஆசைப்பட்டு வாங்கினேன். ரஷ்யரான லியோன் தெரெமின் 1920 வாக்கில் உருவாக்கிய, தொடாமல் வாசிக்கும் கருவி. உள்ளே காதுக்கு எட்டாத இரண்டு ரேடியோ அலைகள் ஓடுகின்றன. ஒன்று 2,85,000 ஹெர்ட்ஸ், இன்னொன்று 2,85,440 என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கேட்பது இடையிலுள்ள 440. கை ஆன்டெனாவை நெருங்கும்போது அந்த இடைவெளி மாறுகிறது. கமகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்று கணக்குப் போட்டேன். பாதிதான் பலித்தது. இழைவது சுலபம், நிற்பதுதான் கடினம். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் முழங்கை லேசாகத் தளர்ந்தாலே சுரம் வழுக்கும். பின்னால் யாராவது நடந்து போனாலும் சுருதி மாறும். தெரெமின் கலைஞர் கிளாரா ராக்மோர் இதற்கென்றே விரல் முறை ஒன்றை வகுத்துக்கொண்டு வயலின் போல வாசித்தார். நான் மூன்று ஆண்டு முயன்றும் ஐந்து சுரங்களை ஒழுங்காக நிறுத்தக் கற்றதோடு சரி.

வாட்டர்ஃபோனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எஃகுக் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர், விளிம்பைச் சுற்றி வெண்கலக் கம்பிகள், வில்லால் தேய்க்க வேண்டும். அற்புதமான ஒலிதான். ஆனால் எந்தப் பாட்டில் போட்டாலும் கதவுக்குப் பின்னால் பேய் நிற்கிறது.

இனி ஏணி. நாணயம்போல் இருக்கும் பீசோ வில்லை, பித்தளைத் தகட்டில் ஒட்டிய வெள்ளைப் பீங்கான். மேசையில் உள்ளவற்றிலேயே மலிவானது. எதன்மேல் ஒட்டினாலும் அந்தப் பொருளின் அதிர்வை நேரடியாக மின்சாரமாக்கும். முதல் முயற்சியில் எரிச்சல்தான் வந்தது. எல்லாமே தகரடப்பாவைத் தட்டியதுபோல் கேட்டது; வில்லை மட்டம் என்று தூக்கிப் போட்டுவிட்டேன். குற்றம் என்னுடையது. வில்லை ஒரு சிறு மின்தேக்கி, சுமார் 20 நானோஃபாரட். அதைப் பத்தாயிரம் ஓம் உள்ளீட்டில் நேராகச் செருகினால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மெலிந்துவிடும். பத்து லட்சம் ஓம் உள்ளீடு உள்ள முன்பெருக்கி ஒன்றை நடுவில் வைத்தேன். அந்த எல்லை எட்டு ஹெர்ட்ஸுக்கு இறங்கியது. ஏணியின் மூன்றாம் படியில் ஒட்டி, மேல்படியை வயலின் வில்லால் இழுத்தேன். அடிவயிற்றில் கேட்டது.

ஒட்டுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. இருபக்க டேப் மென்மையானது, உயர்ந்த ஒலிகளை அதுவே குடித்துவிடும். மெல்லிய பூச்சாகத் தேன்மெழுகு வைத்து அழுத்துகிறேன். எடுத்தால் சுத்தமாகப் பெயர்ந்து வருகிறது. பதிந்ததைப் பாதி வேகத்தில் ஓட்டினால் ஓர் ஆக்டேவ் இறங்கும். தட்டும் சத்தத்தை வெட்டிவிட்டு ரீங்காரத்தை மட்டும் எடுப்பேன். பிபிசியின் ஒலிக்கூடமான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் டெலியா டெர்பிஷைர் ஓர் உலோக விளக்கு மூடியைத் தட்டி இதைத்தான் டேப்பில் செய்தார். சைக்கிள் கம்பி, குளிர்பெட்டியின் முதுகு, எஃகு அலமாரி எல்லாம் ஒரு சுற்று வந்துவிட்டன. விளக்கு மாற்ற ஏணி கேட்டால் மட்டும் வீட்டில் தகராறு.

தெரெமினை வைத்துக்கொள்வேன். வாட்டர்ஃபோனை விற்பதாக முடிவு. விற்பதற்கு முன் வில்லையை அதன் அடியில் ஒட்டி, தண்ணீர் இல்லாமல் ஒருமுறை தேய்த்துப் பார்க்க வேண்டும்.