டைட்டானியம் என்று விற்கிறார்கள், வருவது எவர்சில்வர்: கேம்பிங் பாத்திரம் வாங்குவோர் கவனத்துக்கு

‘அசல் டைட்டானியம் கேம்பிங் மக், 750 மி.லி., எடை 105 கிராம்’ என்று இணையத்தில் ஒன்று விற்பனையில் இருக்கிறது. வாங்கித் தராசில் வைத்தால் மூடியைச் சேர்க்காமலே 178 கிராம். விளிம்பு தட்டத் தட்டத் தண்ணீர் ஊற்றினாலும் 690 மி.லி.தான் பிடிக்கிறது. உலோகமோ எவர்சில்வர். கேட்டால், “இது டைட்டானியம் அலாய் (கலவை உலோகம்), அதனால் எடை கொஞ்சம் கூடும்” என்று விற்பனையாளரிடமிருந்து பதில் வருகிறது. இது பச்சைப் பொய். டைட்டானியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம். அதிகம் புழங்கும் டைட்டானியம் கலவைகளின் அடர்த்தியும் கிட்டத்தட்ட அதேதான். எவர்சில்வருக்கு 7.9, அலுமினியத்துக்கு 2.7.

முதுகில் மூட்டை சுமந்து மலையேறுகிறவர்கள் டைட்டானியத்துக்கு அவ்வளவு விலை கொடுப்பதே எடை குறையும் என்பதற்காகத்தான். அந்த ஒன்றிலேயே கை வைக்கிறார்கள் என்பதால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி மங்கலான சாம்பல் நிறம் கொடுத்துவிட்டால் எவர்சில்வரும் டைட்டானியம் மாதிரியே இருக்கும். காந்தத்தையும் முழுதாக நம்ப முடியாது. காந்தம் பிடித்தால் அது டைட்டானியம் இல்லை என்பது உறுதி. பிடிக்காவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, ஏனென்றால் பாத்திரங்களுக்கு அதிகம் பயன்படும் ‘304’ ரக எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டாது. அழுத்தி வளைத்த விளிம்புகளில் மட்டும் லேசாக இழுக்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய உறுதியான சோதனை, சமையலறை டிஜிட்டல் தராசில் அடர்த்தி பார்ப்பது. மூடியையும், கழற்ற முடிந்தால் கைப்பிடியையும் சிலிக்கோன் உறையையும் எடுத்துவிட்டு, மக்கை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மக் முழுதாக மூழ்கும் அளவுக்கு ஒரு சின்ன வாளியில் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். மக்கை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். உள்ளே காற்றுக்குமிழி தங்கக் கூடாது. அடியிலோ பக்கத்திலோ இடிக்கக் கூடாது. நூலைக் கையில் பிடித்தபடியே இருக்க வேண்டும். இப்போது தராசு காட்டும் கிராம்தான் அந்த உலோகத்தின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எடையை இதனால் வகுங்கள். மேலே சொன்ன மக்குக்குத் தராசு 23 காட்டியது. 178-ஐ 23-ஆல் வகுத்தால் 7.7. டைட்டானியமாக இருந்திருந்தால் அதே எடைக்கு 39 அல்லது 40 காட்டியிருக்கும். ஒரு கிராம் துல்லியமுள்ள தராசே போதும், இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அது தவறவிடாது. மிக முக்கியமாக, இந்தச் சோதனையில் பாத்திரத்தில் கீறல் விழாது, தீத்தடமும் படாது. ஒரு முறை அடுப்பில் ஏற்றிவிட்டால் ‘பயன்படுத்திய பொருள்’ என்று சொல்லி ரிட்டர்னை மறுத்துவிடுவார்கள்.

வாங்கும் முன்பே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள் விட்டம் 9.5 செ.மீ., உயரம் 9.5 செ.மீ. என்று போட்டு 750 மி.லி. என்று எழுதியிருந்தால் அது நடக்காது. விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, உயரத்தாலும் பெருக்கினால் 673 மி.லி.தான் வரும். அதுவும் விளிம்பு வரைக்கும். கொதிக்கும்போது பொங்கி வழியாமல் இருக்க மேலே 2 செ.மீ.யாவது காலி விட வேண்டும் என்பதால் கையில் கிடைப்பது அரை லிட்டர் சொச்சம். இரண்டு பேருக்குத் தேநீரும் உடனடி நூடுல்ஸும் ஒரே கொதியில் வேண்டும் என்றால் 1.2 லிட்டராவது பாருங்கள்.

தலைப்பில் ‘டைட்டானியம்’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு, விவரப் பட்டியலின் அடியில் ‘நிறம்: டைட்டானியம், மெட்டீரியல்: அலாய் ஸ்டீல்’ என்று ஒளித்து வைப்பது இன்னொரு தந்திரம். ‘ஹார்ட் அனோடைஸ்டு’ என்ற பெயரில் கறுப்புப் பெயின்ட் அடித்த அலுமினியமும் வருகிறது. அனோடைசிங் என்பது அலுமினியத்தின் மேற்பரப்பையே கடினமான ஆக்சைடாக மாற்றும் முறை. அது தோலாக உரியாது. அடிப்பகுதியில் கண்ணுக்குப் படாத ஓரத்தை நகத்தால் அழுத்திச் சுரண்டும்போது செதில் கிளம்பினால் அது பெயின்ட்.

‘டைட்டானியத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்’ என்ற விளம்பரமும் தவறு. வெப்பத்தைக் கடத்துவதில் டைட்டானியம் எவர்சில்வரோடுதான் சேர்த்தி, அலுமினியம் இரண்டையும்விடப் பத்து மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். ஆனாலும் அரை மில்லிமீட்டர் தகட்டில் தண்ணீர் கொதிக்கவைக்க அந்த வேறுபாடு பெரிதாக உறைக்காது. சூடு தாமதமாவது தீயிலிருந்து தகட்டுக்குத் தாவும் இடத்தில்தான். நேரத்தைத் தீர்மானிப்பவை அடிப்பாகத்தின் அகலம், மூடி, காற்று. ஒடுங்கி உயர்ந்த மக்கில் தீ பக்கவாட்டில் ஏறி வீணாகும். கைப்பிடியின் சிலிக்கோன் உறையையும் கருக்கும்.

‘1 லிட்டர் 3 நிமிடத்தில்’ என்பதையும் சரிபார்க்கலாம். 20 டிகிரித் தண்ணீர் 1 லிட்டரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 335 கிலோஜூல் வேண்டும். மூன்று நிமிடத்தில் அது முடிய, தண்ணீருக்குள் மட்டும் 1.9 கிலோவாட் போக வேண்டும். சாதாரணப் பாத்திரத்தில் பாதிச் சூடு வெளியே போய்விடும் என்று வைத்தால் பர்னர் 3.7 கிலோவாட்டுக்கு எரிய வேண்டும். பெட்டியில் 2.5 கிலோவாட் என்று அச்சிட்டுவிட்டு 3 நிமிடம் என்பவர்களை நம்ப வேண்டாம். அடியில் மடிப்புத் தகடுகள் வைத்த ஹீட் எக்ஸ்சேஞ்சர் பாத்திரங்கள் எரிவாயுவை உண்மையிலேயே மிச்சப்படுத்தும். ஆனால் தகடுகள் அடிப்பாகத்தோடு உருக்கி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இடையில் ஒரு காகிதத் துண்டு நுழைந்தால், அந்தத் தகடுகள் வெறும் அலங்காரம்.

பணம் போவதைவிட மோசமான ஒன்றும் உண்டு. இரட்டைச் சுவர் கொண்ட மக்குகளை ‘நேரடியாகத் தீயில் வைக்கலாம்’ என்று விற்கிறார்கள். சுவர்களுக்கு நடுவே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, மக் பிதுங்கும், வெடிக்கவும் கூடும். தீயில் வைப்பது ஒற்றைச் சுவர்ப் பாத்திரமாகத்தான் இருக்க வேண்டும். வெற்றிடக் குடுவைகளுக்கும் இதுவேதான்.

கைப்பிடிகளையும் பாருங்கள். இரண்டே புள்ளியில் ஸ்பாட் வெல்டிங் செய்த மலிவான கைப்பிடி, கொதிக்கும் தண்ணீரோடு தூக்கும்போது பிய்ந்துவந்தால் கால் வெந்துவிடும். முதலில் பச்சைத் தண்ணீர் நிரப்பித் தூக்கி ஆட்டிப் பாருங்கள். மூடிக் குமிழ் பிளாஸ்டிக்காக இருந்தால் விறகடுப்புக்கு ஆகாது.

காரில் போய் இறங்கும் முகாமுக்கு டைட்டானியம் தேவையே இல்லை. அடி அகலமான, மூடியுள்ள 1 லிட்டர் ஹார்ட் அனோடைஸ்டு கெட்டில் பாதி விலைக்கும் குறைவாகவே கிடைக்கும். வீட்டு எவர்சில்வர் பாத்திரமும் தாராளமாகப் போதும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஓடைத் தண்ணீரைக் குடிக்க 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும் என்பதால் அங்கே மூடி கட்டாயம்.

ஏமாற்றப்பட்டது தெரிந்தால் பெட்டி பிரிக்கும் வீடியோ, தராசுப் படங்கள், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் உடனே சேமியுங்கள், பக்கத்தைத் திருத்திவிடுவார்கள். இறக்குமதிப் பொருளென்றால் பெட்டியில் இறக்குமதியாளர் முகவரியும் தயாரான நாடும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதையும் படம் எடுங்கள். 2020 மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புதல் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். விற்பனையாளரோடு சாட்டில் மல்லுக்கட்டாமல் நேரே அந்த அலுவலருக்கு எழுதுங்கள். அசைந்துகொடுக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.